பழைய சாகசப் படங்களை மறுபடி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'மெக்கன்னாஸ் கோல்டு' என்ற பெயரைக் கேட்டதும், ஐம்பது வயதைக் கடந்த தமிழ்நாட்டு ரசிகர் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். விடியற்காலை வெயிலில் ஒரு நெடும்பாறையின் நிழல் பாலைநிலத்தின்மீது ஊர்ந்து நீண்டு, தங்கம் ஒளிந்திருக்கும் பள்ளத்தாக்குக்கு வழி காட்டும். 1969இல் வெளிவந்த அந்தப் படம் அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. இந்தியாவிலோ பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திரையிடப்பட்டுக் கூட்டம் சேர்த்தது. நெடுநாளைக்குப் பிறகு அண்மையில் அதைப் பார்த்தபோது, சூரியன் மேலே ஏற ஏற நிழல் குறுகத்தானே வேண்டும், இங்கே நீள்கிறதே என்று எனக்கு உறைத்தது. பள்ளி வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த காட்சியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் சிறிது நேரம் நீடித்தது. பழைய படங்களை விமர்சன நோக்கோடு மறுபடி பார்க்க உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது இந்தப் பெருமிதத்தில்தான்.

பிழைகளைப் பொறுக்கியெடுப்பது எளிது. விமர்சனம் கடினமானது. நிழல் நீளும் காட்சி வானியல் பாடத்துக்காக எடுக்கப்பட்டதன்று. அது ஒரு விரலைப் போல நீண்டு, பேராசை பிடித்த ஒரு கூட்டத்தையே இழுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்டது. அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. அந்த நிழலை அளந்துகொண்டிருந்த நேரத்தில், அதே படத்தில் கண்முன்னே நின்ற பெரிய கேள்வி ஒன்றை நான் தவறவிட்டேன். அமெரிக்கப் பழங்குடிகளான அப்பாச்சி இனத்தின் பெண்ணாக வருபவர் ஜூலி நியூமர், அந்த இனத்தின் வீரனாக வருபவர் டெட் காசிடி, இருவருமே வெள்ளையர். தங்கத்தின் இரகசியம் அறிந்த அப்பாச்சி முதியவராக வரும் எடுவார்டோ சியான்னெல்லி, இத்தாலியில் பிறந்த நடிகர். அவரே முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1939இல் வந்த 'கங்கா தின்' படத்தில், காளியை வழிபடும் வழிப்பறிக் கொலைகாரர்களான தக்கர் கூட்டத்தின் குருவாக நடித்திருந்தார். அமெரிக்கப் பழங்குடிகளை இந்தியர் என்றழைத்துக் கொலம்பஸ் செய்த பெயர்க் குழப்பத்தை ஹாலிவுட்டின் நடிகர் தேர்வு நெடுங்காலம் காப்பாற்றி வந்தது என்று இதைப் பார்க்கும்போது சொல்லத் தோன்றுகிறது. எந்த இந்தியராக இருந்தாலும் அதே முகம் போதும் என்ற எண்ணம், நிழலின் நீளத்தைவிடப் படத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

அடுத்த தவறு, படத்தைப் பார்க்காமல் நினைவையே விமர்சிப்பது. நம்மில் பெரும்பாலோர் இந்தப் படங்களை உள்ளபடி பார்த்ததே இல்லை. 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' போன்ற 2.35:1 அளவிலான அகலத்திரைப் படத்தைப் பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டத்தை நிரப்பும்படி வெட்டினால், காட்சியின் அகலத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் காணாமல் போய்விடும். அதன்மேல் மொழிமாற்றக் குரலும் விளம்பர இடைவேளையும் சேர்ந்துகொள்ளும். இவ்வாறு பார்த்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, 'அந்தப் படத்தில் ஒளிப்பதிவு சுமார்தான்' என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. எழுதுவதற்கு முன் முழு அகலத்தில், மூலக் குரலில், ஒரே அமர்வில் ஒருமுறை பார்ப்பது குறைந்தபட்சக் கடமை.

இனி, எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கேட்டிருக்கும் சமாதானம் ஒன்று உண்டு: 'அந்தக் காலம் அப்படி.' இதைச் சொல்பவர்களுக்கு 1984இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' நல்ல பாடம். கதை நடப்பது 1935ஆம் ஆண்டு இந்தியாவில். அரண்மனை விருந்தில் உயிருள்ள பாம்புகளும் வண்டுகளும், கண்விழி மிதக்கும் சூப்பும், குளிரூட்டிய குரங்கு மூளையும் பரிமாறப்படுகின்றன. காளி வழிபாடு என்பது நரபலியும் குழந்தைகளை அடிமையாக்குவதும் மட்டுமே என்பதுபோல் காட்டப்படுகிறது. இறுதியில் தொங்குபாலத்தருகே துப்பாக்கிகளோடு வந்து காப்பாற்றுவது ஆங்கிலேயக் கேப்டன் ஒருவரின் படை. 'அந்தக் காலம்' இதை ஏற்றுக்கொண்டது என்று யார் சொன்னது? திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. இங்கே படமெடுக்க வசதிப்படாமல் படக்குழு இலங்கையின் கண்டிப் பகுதிக்குச் சென்றது. படம் வெளிவந்தபின் இந்தியாவில் சில காலம் தடையும் செய்யப்பட்டிருந்தது. அதாவது, படத்தின் முகத்துக்கு நேராகவே அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து நாம்தான் புதிதாக விழித்துக்கொண்டோம் என்று எண்ணுவது, அன்று பேசியவர்களை மறந்துவிடுவதாகும்.

இந்தப் படத்தில் இலங்கை வாசகர்கள் உடனே பிடித்துக்கொள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. வட இந்தியச் சிற்றூரின் மக்களாக வருபவர்கள் பேசுவது சிங்களம். ஊர்ப் பெரியவராக நடித்தவர் சிங்களத் திரைப்படக் கலைஞர் டி. ஆர். நாணயக்கார. சிங்களத்தை ஒருமுறையேனும் காதில் வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சியில் இந்தியா கலைந்துவிடும். மொழி எதுவாக இருந்தாலும் பார்வையாளருக்குப் புரியப்போவதில்லை என்று படம் கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்வையாளர் என்ற சொல்லுக்குள் நாம் இல்லை. நிழலில் நான் கண்டதும் பிழை, இதுவும் பிழைதானே என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது: நிழல் பிழை யாரையும் வெளியே தள்ளவில்லை.

இன்னொன்றையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் இந்தப் படத்தின்மேல் புகார் எழுந்தது. உயிரோடிருப்பவனின் மார்பிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சியைச் சிறுவர்களும் பார்க்க நேர்கிறதே என்ற பெற்றோரின் முணுமுணுப்பு, அதே கோடையில் வந்த 'கிரெம்லின்ஸ்' படத்தின்மேல் எழுந்த புகாரோடு சேர்ந்துகொண்டதால், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 என்ற புதிய தரச்சான்று 1984 ஜூலையில் பிறந்தது. ஒரு புகார் விதியாயிற்று; மற்றொன்று, விருந்து மேசையைப் பற்றியது, வேடிக்கைக் குறிப்பாக மட்டும் எஞ்சியது.

ஆனால் இதையெல்லாம் கண்டுகொண்ட வேகத்தில் படத்தையே குப்பையில் போடுவதும் தவறுதான். சுரங்க வண்டித் துரத்தலின் ஒரு பகுதி சிற்றுருக்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. குறுகலான சுரங்க மாதிரிக்குள் திரைப்படக் கேமரா நுழையாது என்பதால், நிக்கான் புகைப்படக் கேமராவைத் திருத்தியமைத்துச் சட்டம் சட்டமாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கைவேலையின் முன் இன்றைக்கும் நான் வாயடைத்துப்போகிறேன். நரபலி கொடுக்கும் பூசாரி மோலா ராமாக வரும் அம்ரீஷ் புரி அந்தப் பாத்திரத்துக்குள் எவ்வளவு இருளைக் கொண்டுவருகிறார் என்பதையும் மறுக்க முடியாது. இதை ஒரு பக்கத் தட்டிலும் விருந்துக் காட்சியை மறு தட்டிலும் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதால் பயனில்லை. நம்மை மெய்மறக்கச் செய்யும் அதே திறமைதான் அந்த விருந்தையும் மறக்க முடியாததாக்கியது. கைத்திறனை ஒரு பத்தியிலும் கருத்தை மற்றொரு பத்தியிலும் பிரித்தெழுதும் வழக்கம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

கொள்ளைப் படங்களுக்கு வருவோம். இங்கே அடிக்கடி நிகழ்வது, முடிவை வைத்துப் படத்தின் துணிவை அளப்பது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) படத்தில், குதிரைப் பந்தயத் திடலில் கொள்ளையடித்த பணம் விமான நிலையத்தில் பெட்டி திறந்துகொண்டு, விமானச் சுழலியின் காற்றில் பறந்துபோகிறது. 1960இன் 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில், லாஸ் வேகாஸின் ஐந்து சூதாட்ட விடுதிகளில் திருடிய பணம் சவப்பெட்டியோடு எரிந்துபோகிறது. இன்றைய பார்வையாளர், இயக்குநர்களுக்குக் கடைசி நிமிடத்தில் துணிச்சல் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை நீடித்த தயாரிப்பு விதித்தொகுப்பு, அதாவது படத்துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகள், குற்றவாளியின் பக்கம் பார்வையாளரின் பரிவு சாயக் கூடாது என்றது. திருட்டும் பெட்டக உடைப்பும் செய்முறை விளக்கமாகிவிடக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே பணம் பறப்பதிலும் எரிவதிலும் நாம் செய்ய வேண்டியது, விதிக்குள் நின்றுகொண்டே இயக்குநர் எவ்வளவு கசப்பையும் கேலியையும் புகுத்தினார் என்று பார்ப்பது. விதி போனபின் 2001இல் அதே கதை மறுபடி எடுக்கப்பட்டபோது, கொள்ளையர் பணத்தோடு நடையைக் கட்டினார்கள். மறு ஆக்கத்தையும் மூலத்தையும் ஒப்பிடுவோர் நடிகர்களின் உடையையும் சிரிப்பையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பூட்டும். இந்த ஒரு மாற்றம் அவையனைத்தையும்விடப் பெரிது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறும் உண்டு: எல்லாவற்றுக்கும் தணிக்கையையே காரணமாகச் சொல்லிவிடுவது. கம்யூனிஸ்டுகள் எனச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வேலை மறுத்த ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலால் வேலையிழந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஜூல்ஸ் டாசின், பிரான்சில் எடுத்த 'ரிஃபிஃபி' (1955) இதற்கு நல்ல மறுப்பு. மேல் வீட்டுத் தரையைக் குடைந்து கீழேயுள்ள நகைக்கடைக்குள் இறங்கும் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுகிறது. வசனமும் இல்லை, இசையும் இல்லை. குடைந்த துளையின் வழியாகக் குடையொன்றை இறக்கி விரித்து, உதிரும் காரையை ஓசையின்றி ஏந்திக்கொள்கிறார்கள். எச்சரிக்கை மணியின் வாயை நுரையால் அடைக்கிறார்கள். செய்முறையைக் காட்டாதே என்ற அமெரிக்க விதிக்கு வெளியே நின்றதால் அத்தனை விரிவாகக் காட்ட முடிந்தது என்பது உண்மைதான். ஆயினும் அந்த விதிக்கு வெளியே நின்ற இந்தப் படத்திலும் கொள்ளையர் யாரும் பிழைத்துச் செல்வதில்லை. அந்த முடிவைக் கேட்டது கதை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கென இசை எழுதியே வைத்திருந்தார். இசையோடும் இல்லாமலும் போட்டுப் பார்த்தபின், இல்லாமலிருப்பதே சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த அரைமணி நேரத்தில் நாமும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். நகைக்கடைக்காரரை நினைத்துப் பார்த்தோமா? கேமரா நம்மைத் திருடர்களோடு அந்த அறையில் நிறுத்திவிட்டது. ஒரு கொள்ளைப் படத்தை மறுபடி பார்க்கையில் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி, நம்மை அது எங்கே நிறுத்தியது, எந்தக் காட்சியில் நாம் சம்மதித்தோம் என்பதுதான்.

'நடைமுறையில் இது முடியுமா' என்ற கேள்வி அதற்கு வெகுதூரம் பின்னால் வரவேண்டியது. இருந்தாலும் அது சில நேரம் இனிய விளையாட்டாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'தி இட்டாலியன் ஜாப்' (1969) படத்தின் இறுதியில் மலைமுகட்டில் பேருந்து ஊசலாட, ஒரு முனையில் தங்கமும் மறுமுனையில் திருடர்களும் இருக்கப் படம் முடிந்துவிடுகிறது. ஹெலிகாப்டரின்றி, அரைமணி நேரத்துக்குள் தங்கத்தை எப்படி எடுப்பது என்று பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஒரு போட்டியே நடத்தி, 2009 ஜனவரியில் முடிவை அறிவித்தது. கண்ணாடிகளை உடைத்து எடையைக் குறைப்பதும், எரிபொருளை வடித்துவிடுவதும், வெளியே இறங்கி முன்பக்கத்துக்குக் கற்களைப் பாரமாக ஏற்றுவதும் வென்ற விடையில் இருந்தன. அந்த ஊசலாட்டம் முடிவின் பலவீனமாக இருந்திருந்தால், நாற்பது ஆண்டு கழித்து யாரும் அதற்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

'ரைடர்ஸ்' படத்தைப் பற்றி இப்போது எல்லோரும் சொல்லும் ஒரு வாதம் உண்டு: நாயகன் இண்டியானா ஜோன்ஸ் இல்லாவிட்டாலும் நாஜிகள் தெய்வசக்தி கொண்ட அந்தப் பேழையைத் திறந்து செத்துத்தான் போயிருப்பார்கள், எனவே அவன் வேண்டாதவன். கேட்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். சாகசக் கதையில் நாயகன் உலகை மாற்றியே தீரவேண்டும் என்ற விதியை யார் வகுத்தது? தெய்வச் செய்திகளையெல்லாம் பூச்சாண்டிக் கதையென்று தொடக்கத்தில் சிரித்தவன், முடிவில் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். பார்த்தே தீருவேன் என்றவர்கள் உருகிப்போகிறார்கள். விமர்சனக் கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்களைக் கொஞ்சம் சீண்டுகிற முடிவு அது. அதேபோல், கறுப்புடை வாள்வீரனை நாயகன் ஒரே குண்டில் சாய்க்கும் காட்சியைப் பேசும்போது, துனீசியாவில் ஹாரிசன் ஃபோர்டு வயிற்றுப்போக்கால் வாடியதால் நீண்ட சண்டை கைவிடப்பட்ட கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தகவல் காட்சி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லும். பெயரே இல்லாத ஓர் அரபியின் சாவுக்கு நாம் ஏன் விழுந்து விழுந்து சிரித்தோம் என்பதைச் சொல்லாது. அதே படத்தின் நாயகி மரியன், நாயகனோடு தனக்கிருந்த பத்தாண்டுக்கு முந்தைய காதலைப் பற்றி, தான் அப்போது சிறுபிள்ளை என்றும் அது தவறென்று அவனுக்குத் தெரியும் என்றும் நேருக்கு நேர் சொல்கிறாள். சண்டைக்காகக் காத்திருந்த வயதில் அந்த வசனம் என் காதில் விழவே இல்லை.

காதில் விழாதவை, கண்ணில் படாதவை இன்னும் எத்தனையோ. 'மெக்கன்னாஸ் கோல்டு' படத்தின் முடிவில் பள்ளத்தாக்கு இடிந்து தங்கமெல்லாம் புதையுண்டு போவதைத்தான் இத்தனை காலமும் நினைவில் வைத்திருந்தேன்; பேராசைக்குத் தண்டனை என்று யாரிடமோ விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். மறுபடி பார்த்தபோதுதான், சட்டத்தின் காவலனான மெக்கன்னா ஏறிச் செல்லும் குதிரையின் சேணப்பைகள் தங்கத்தால் புடைத்திருப்பது தெரிந்தது. அது செத்துப்போன சார்ஜெண்டின் குதிரை. பையில் என்ன இருக்கிறதென்று மெக்கன்னாவுக்குத் தெரியாது. கேமரா நமக்கு மட்டும் அதைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.