உப்புக்காற்றில் பந்தயக் கைக்கடிகாரத்தைப் பேணும் முறை

லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை 1969 முதல் 1982 வரையிலான காலத்தில் 6 முறை வென்ற பெல்ஜிய ஓட்டுநர் ஜாக்கி இக்ஸின் பெயரில், ஷோபார் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் கைக்கடிகாரங்களை வெளியிட்டுள்ளது. அத்தகைய ஒன்றைக் கீழக்கரை, மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் அணிபவர் முதலில் அஞ்ச வேண்டியது உப்புக்காற்றுக்குத்தான்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும், நேரம் திருத்தும் பக்கத் திருகு முழுவதும் உள்ளே அழுந்தியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் கடிகாரத்தின் வெளிக்கூட்டைத் துடைக்க வேண்டும். நிறுத்துகடிகாரப் பொத்தான்களின் அடியிலும் பட்டை இணையும் இடுக்கிலும் வெண்பொடியாய் உப்பு படியும். அதை மென்மையான பல்துலக்கியால் எடுக்கலாம். ஈரத்தோடு பொத்தானை அழுத்தவே கூடாது, ஏனெனில் அந்த வழியாக நீர் உள்ளே இறங்கிவிடும். முகப்பில் 50 மீட்டர் என்று குறித்திருந்தாலும், அது கடலில் மூழ்குவதற்கான அனுமதி அன்று.

தோல் பட்டை நம் வியர்வைக்கு நெடுநாள் தாங்காது. ரப்பர் பட்டையே ஏற்றது.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, மெருகேற்ற வேண்டாம் என்று எழுதியே கொடுக்க வேண்டும். பின்மூடியில் பொறித்த வரிசை எண் தேய்ந்தால், பெட்டியும் சான்றிதழும் இருந்தும் மதிப்பு குறையும். கடைக்காரர் பளபளப்பைப் புகழ்வார், கேட்க வேண்டாம்.

விளிம்பிலுள்ள வேக அளவுகோலையும் பயன்படுத்தலாம். இராமேசுவரம் சாலையில், வண்டி ஓட்டாத ஒருவர், ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினால், 45 வினாடிக்கு முள் 80 என்று காட்டும். அதுவே மணிக்கு ஓடிய கிலோமீட்டர் வேகம்.