விமான நிலையத்துக்குப் பஸ் விடும் முன் பயணிகளிடம் தவறாகக் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கு மேல், நெரிசலான ஒரு மணி நேரத்தில் சுமார் 3,500 பேர் என்ற கணக்கில் கட்டப்பட்ட கட்டடம் அது. உள்ளே எத்தனை கவுன்டர் வேண்டும் என்பதை விமான அட்டவணையை வைத்தே சொல்லிவிடலாம். வெளியே புதுக்கோட்டை சாலையில் அவ்வளவு பேரும் எதில் வருவார்கள், எதில் போவார்கள் என்பது ஆளைக் கேட்டால்தான் தெரியும். அதற்குத்தான் பயணிகள் சர்வே. ஆனால் கேட்கும் விதம் தப்பிப்போனால், சர்வே எடுக்காமல் இருந்திருப்பதே மேல் என்றாகிவிடும். ஊகத்தை யாரும் நம்பிப் பணம் போட மாட்டார்கள், சதவீதம் போட்ட அட்டவணையை நம்புவார்கள்.

ஒரு கற்பனை உரையாடல். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண், பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் வருகிறார்.

"ஐயா, எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"பேராவூரணிம்மா."

"எதுல வந்தீங்க?"

"கார்லதான்."

"ரொம்ப நன்றிங்கய்யா."

பேராவூரணியிலிருந்து ஒரு கார் என்று பதிவாகிவிட்டது. உண்மையில் அவர் முந்தின நாளே பஸ்ஸில் திருச்சி வந்து, கே.கே. நகரில் மகள் வீட்டில் தங்கி, காலையில் மருமகன் காரில் வந்து இறங்கியவர். கேட்டிருக்க வேண்டியது சொந்த ஊரை அல்ல. இன்றைக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பிய இடத்தை. அது வீடா, லாட்ஜா, உறவினர் வீடா, பஸ் ஸ்டாண்டா என்று அடுத்த கேள்வி. எதில் வந்தார் என்பதையும் ஒரே வரியில் முடிக்கக் கூடாது. எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து சென்னை விமான நிலையத்துக்குள் நுழைபவரிடம் ஒற்றைப் பதில் கேட்டால் 'ரயில்' என்பார், அல்லது 'நடந்து' என்பார். இரண்டும் பொய்யில்லை, இரண்டாலும் பயனில்லை. கிளம்பிய இடத்திலிருந்து வாசல் வரை ஏறி இறங்கிய ஒவ்வொன்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

தலையை எண்ணுவதா, வண்டியை எண்ணுவதா

நம் ஊர் விமான நிலையங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று வேலைக்குப் போகிறவர்களை வழியனுப்ப வேன் பிடித்து வரும் குடும்பங்களை எந்த நாளும் வாசலில் பார்க்கலாம். பயணி ஒருவர், வந்தவர்கள் பத்துப் பேர். உள்ளே உட்கார்ந்து சர்வே எடுப்பவர் கண்ணுக்கு அந்த ஒருவர் மட்டுமே தெரிவார். மற்ற பத்துப் பேர் வெளியே நிழல் தேடிக்கொண்டிருப்பார்கள். இருக்கை, கழிப்பறை, டீக்கடை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டும்.

சாலைக் கணக்கு இன்னும் மோசம். வேன் வந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது: இரண்டு ஓட்டம். அவர் ஊர் திரும்பும் நாளில் மறுபடி வந்து ஏற்றிப் போகிறது: இன்னும் இரண்டு. ஆக ஒருவர் போய் வருவதற்குச் சாலையில் நான்கு ஓட்டம். அவரே காரை பார்க்கிங்கில் விட்டுப் போயிருந்தால் இரண்டுதான். இறக்கிவிட்டுப் போகும் கார்களைக் குறைக்க லண்டன் ஹீத்ரோவில் 2021 நவம்பர் முதல் முனைய வாசலில் 5 பவுண்டு கட்டணம் வைத்தார்கள். அதை அப்படியே இங்கே வைக்கச் சொல்லவில்லை. மாற்று வழி இல்லாத ஊரில் அது வெறும் வசூல். ஆனால் 'கார்' என்ற ஒரு பெட்டிக்குள் சொந்தக் கார், இறக்கிவிட்டுப் போன கார், ஆப் டாக்ஸி, வாடகை வேன் எல்லாவற்றையும் அடைத்தால் இந்த வித்தியாசம் எதுவுமே தெரியாது. கூட எத்தனை பேர் பயணிக்கிறார்கள், எத்தனை பேர் வழியனுப்ப வந்தார்கள், வண்டி என்ன ஆனது என்ற மூன்று கேள்வி போதும். நால்வர் குடும்பத்தில் நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு நாலு கார் என்று கூட்டும் கூத்தும் இதனால் நிற்கும்.

எப்போது, யாரிடம்

சென்னையில் மெட்ரோ ரயில் 2016 செப்டம்பரிலேயே விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. ஓடுவது காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை. வெளிநாட்டு விமானங்கள் பலவும் வந்து போவதோ நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். அதிகாலை 3 மணி விமானத்துக்குப் போகிறவர் நினைத்தால் இரவு 10 மணி மெட்ரோவில் வந்துவிடலாம். அதிகாலை 2 மணிக்கு வந்து இறங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவரிடம் 'எதில் போகிறீர்கள்' என்று கேட்டு, டாக்ஸி என்ற பதிலை வாங்கி, வெளிநாட்டுப் பயணிகள் மெட்ரோவை விரும்புவதில்லை என்று முடிவுகட்டுவதைவிடப் பெரிய அபத்தம் இந்தத் துறையில் கிடையாது. கிடைத்ததைத்தான் சொல்கிறார், விரும்பியதை அல்ல.

புறப்படுபவர்களைக் கேட்பது எளிது, அவர்களுக்கு நேரம் இருக்கிறது. பெட்டிக்காகக் காத்து, சுங்கம் தாண்டி, வெளியே ஓட நினைப்பவரை யார் நிறுத்துவது? அதனால் வருகைப் பகுதி விட்டுப்போகிறது. பகல் ஷிப்டில் மட்டும் ஆள் போடுவதால் இரவும் விட்டுப்போகிறது. மே மாத விடுமுறையில் எடுத்தால் குடும்பங்கள் கூடுதலாக விழும், பொங்கலை ஒட்டி எடுத்தால் அந்த வாரத்துக்கே உரிய கூட்டம் விழும். மணிக்கணக்கில் நிற்பதற்குப் பதிலாக விமானங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை பேர் என்று கேட்டு, கடைசியில் அந்த விமானத்தில் உண்மையில் பயணித்தவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்தப் பதில்களுக்குக் கணக்கில் கூடவோ குறையவோ பங்கு கொடுப்பதே முறை. நடுவழியில் விமானம் மாறுபவர்களை முதல் கேள்வியிலேயே கழித்துவிட வேண்டும். அவர்கள் சாலையையே மிதிப்பதில்லை.

க்யூ.ஆர். கோடு ஒட்டிவிட்டு நிரப்பச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிரப்புபவர் டாக்ஸியில் வருபவராகவே இருப்பார். குறைந்தபட்சம் படிவமாவது தமிழில் இருக்கட்டும்.

"பஸ் விட்டா வருவீங்களா?"

"விடுங்க, தாராளமா வருவோம்." இதைத் தவிர வேறு பதில் வராது. கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, 30 கிலோ பெட்டியை எங்கே வைப்பது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எதுவும் சொல்லாமல் கேட்டால் அது மரியாதைக்குச் சொன்ன ஆமாம். அதைவிட, போன தடவை எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவானது, முனையத்துக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்று நடந்ததைக் கேட்பது நல்லது. வெளிநாட்டுப் பயணி மூன்று மணி நேரம் முன்னதாக வருவார். வந்திறங்கியவர் வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். விமான நேரத்தை வைத்து பஸ் நேரம் போட்டால் இருவரையும் தவறவிடுவோம்.

திருச்சியில் இன்னொரு சிக்கல். பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையம் 2025 ஜூலையில் இயங்கத் தொடங்கி, வெளியூர் பஸ்கள் பல அங்கே மாறின. 'சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்' என்று அதற்கு முன் வாங்கிய பதில்களை வைத்து இன்று வழித்தடம் போட முடியாது.

வளரும் விமான நிலையத்துக்கு மிக முக்கியமானவர்கள் அங்கே இல்லாதவர்கள். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் விமானம் பிடிப்பவரைத் திருச்சிக் கூடத்தில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்க மாட்டார். அவரைச் சென்னையில்தான் கேட்க வேண்டும்: திருச்சியிலிருந்து நேரடி விமானம் இல்லையா, டிக்கெட் விலையா, அல்லது விடியற்காலையில் திருச்சி போய்ச் சேர வண்டி இல்லையா? முதல் இரண்டும் விமான நிறுவனங்களின் பாடு. மூன்றாவதுதான் பஸ் விடுபவர் கையில் இருப்பது.

அடுத்து ஊழியர்கள். பாதுகாப்புப் படையினர், பெட்டி ஏற்றி இறக்குபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கடைகளில் நிற்பவர்கள் எல்லோரும் தினமும் வருகிறவர்கள். வருடத்துக்கு இரண்டு முறை வரும் பயணியைவிட பஸ்ஸை நிரப்பப்போவது இவர்கள்தான். பயணிகள் சர்வே என்று பெயர் வைத்துவிட்டதாலேயே இவர்களை யாரும் கேட்பதில்லை. ஷிப்ட் மாறும் நேரம் எது, இரவு ஷிப்ட் முடிந்து எதில் வீடு போகிறார்கள் என்பதை அந்தந்த மேலாளரிடம் வாங்கிவிடாமல் அவர்களிடமே கேட்க வேண்டும். மேலாளர் கொடுப்பது ஷிப்ட் அட்டவணையைத்தான். காலை 6 மணி ஷிப்டுக்கு வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பது அதில் இருக்காது, முதல் பஸ்ஸின் நேரத்துக்குத் தேவையான எண் அதுதான்.