கிலோமீட்டரை நம்பி மலை ஏறாதீர்கள்: டைமிங் பெல்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014ஆம் ஆண்டு ஒரு டொல்பின் வேன் (பழைய டொயோட்டா ஹயஸ்) வாங்கினேன். 3எல் டீசல் எஞ்சின். டிரைவர் பக்கக் கதவின் உள் ஓரத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விற்றவர் அதைக் காட்டி, "டைமிங் பெல்ட் 2011இல் மாற்றியது, மூன்று வருஷம்தான் ஆகுது" என்றார். ஸ்டிக்கரிலும் 11 என்று தெளிவாகவே இருந்தது. எனக்கும் திருப்தி. எட்டு மாதம் கழித்து, தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏறிக்கொண்டிருந்தபோது, டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. மறுநாள் கராஜில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் எட்டு வால்வில் ஆறு வளைந்து கிடந்தன.

பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது 2011 இல்ல. ஜப்பான்காரனோட வருஷக் கணக்கு இது. 1999."

அதுதான் விஷயம். ஜப்பானில் கராஜ்காரர்கள் பெல்ட் மாற்றியதும் திகதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்களுடைய பேரரசர் ஆட்சி ஆண்டில் எழுதுவார்கள். ஹெய்செய் காலம் 1989இல் தொடங்கியது. ஆகவே ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு 1988ஐக் கூட்ட வேண்டும். 11 என்றால் 1999. 17 என்றால் 2005. 2019 மே மாதத்திலிருந்து ரெய்வா காலம். அதற்கு 2018ஐக் கூட்ட வேண்டும். நம் இலங்கை மலைநாட்டில் ஓடுகிற பழைய ஜப்பான் வேன்களில் இந்த ஸ்டிக்கரைத் தப்பாகப் படித்து ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், பெல்ட் மாற்றியதற்குப் பில்லும் ஆளும் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் மாதமே மாற்றிவிடுங்கள்.

பெல்ட் செய்கிற வேலை எளிமையானது. கீழே பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டு சுற்றுகிறது, மேலே வால்வுகளைத் திறந்து மூட விடுகிற கேம் தண்டு சுற்றுகிறது. இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது பல் வைத்த இந்த ரப்பர் பட்டிதான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. டொல்பின் மாதிரி டீசல் எஞ்சின்களில் டீசல் பம்பையும் இதே பெல்ட்தான் இழுக்கிறது, ஆகவே பாரமும் அதிகம். பெல்ட் அறுந்தால் கேம் நின்ற இடத்தில் நிற்கும், பிஸ்டன் நிற்காது. திறந்து கிடக்கும் வால்வில் போய் இடிக்கும். சில பெட்ரோல் எஞ்சின்களில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி இருப்பதால் வண்டி நிற்பதோடு தப்பிக்கலாம். டீசலில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் வண்டியில் பெல்ட் இருக்கிறதா, செயினா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். டொயோட்டா 2எல், 3எல், 5எல் டீசல், கேடிஎச் வேன்களின் (டொல்பினுக்குப் பின் வந்த ஹயஸ்) 1கேடி, 2கேடி, மிட்சுபிஷி 4டி56, பழைய கொரோலாக்களின் 5ஏ பெட்ரோல் எஞ்சின் எல்லாம் பெல்ட். 1என்இசட் எஞ்சின் உள்ள ஆக்சியோ, அலியன், அப்புறம் அண்மைக்கால வேகன் ஆர் இவற்றில் செயின். அதற்கு நேரத்துக்கு நல்ல ஒயில் மாற்றினால் போதும். ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டு "டைமிங் பெல்ட் போட்டாச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வெளியே கண்ணுக்குத் தெரிகிற பெல்ட் எதுவும் டைமிங் பெல்ட் இல்லை. அது கவருக்குள் இருக்கும்.

மீட்டர் காட்டாத கணக்கு

கம்பனிப் புத்தகத்தில் பெரும்பாலும் 100,000 கிலோமீட்டர் என்று இருக்கும். அதை அப்படியே மலையில் எடுத்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கிற மிகப் பெரிய தவறு. பெல்ட் தேய்வது சில்லு சுற்றுவதால் இல்லை, எஞ்சின் சுற்றுவதால்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதரையில் டொப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடுகிறது என்று வைப்போம். ஒரு கிலோமீட்டர் போக ஒரு நிமிடம், ஆகவே 1,800 சுற்று. அதே வேன் இறம்பொடை ஏற்றத்தில் செகண்ட் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் 2,500 சுற்றில் முனகிக்கொண்டு ஏறுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம், 5,000 சுற்று. மீட்டரில் ஏறுவது அதே ஒரு கிலோமீட்டர்தான். பெல்ட்டின் மேல் ஏறுவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இறங்கும்போது குறையுமா என்றால் அதுவும் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பதுதானே நமக்குச் சொல்லித் தந்த பாடம்? இறக்கத்திலும் எஞ்சின் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆகவே ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா, அப்புத்தளை பக்கமே ஓடுகிற வண்டிக்கு என் கணக்கு இது: புத்தகம் 100,000 சொன்னால் 70,000இல் மாற்றுங்கள். இது என் அனுபவத்தில் வைத்திருக்கும் எல்லை, கம்பனி சொன்னது இல்லை. கொழும்புக்கும் மலைக்கும் மாறி மாறி ஓடினால் கொஞ்சம் கூடப் போகலாம். புத்தகத்துக்கு மேலே மட்டும் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

வருஷமும் முக்கியம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற காராக இருந்தாலும் ரப்பர் வயதாகும். விடியற்காலைக் குளிரில் விறைத்து, ஓடும்போது சூட்டில் இளகி, மறுபடி விறைத்து, உள்ளே நார் தளரும். ஐந்து வருஷம் தாண்டினால் மீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

டீசல் ஹயஸ் வேன்களில் டைமிங் பெல்ட்டுக்கென்று ஒரு விளக்கு உண்டு. அது எரியாததால் பெல்ட் நல்லாயிருக்கு என்று நம்புவது இன்னொரு தவறு. அந்த விளக்குக்குப் பெல்ட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. குறித்த கிலோமீட்டர் ஓடியதும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்து விற்கலாம். மீட்டரையே மாற்றியிருந்தால் அந்தக் கணக்கும் போச்சு.

"சத்தம் வந்தா பார்ப்போம்" என்பவர்களுக்கு ஒன்று: காலையில் கீச் கீச் என்று கத்துவது ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட் பெரும்பாலும் ஒரு சத்தமும் போடாமல் அறும். கவரைத் திறந்து பார்த்தால் சில அடையாளங்கள் தெரியும். என் இரண்டாவது வேனில் பார்த்தேன்: கவரின் அடியில் டஸ்ட் தேயிலை மாதிரி கறுப்பாக ரப்பர் தூள் படிந்திருந்தது. பெல்ட்டைத் திருப்பி வளைத்தபோது ஒவ்வொரு பல்லின் அடியிலும் முடி போல் ஒரு கீறல். நகத்தை வைத்தால் நகம் உள்ளே போனது. வளைக்காமல் பார்த்தபோது அதே பெல்ட் பளபளவென்று புதுசு போலத்தான் இருந்தது. கண்ணுக்கு நல்லாயிருக்கு என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

கவரைத் திறக்க ரேடியேட்டர் பக்கம், ஃபேன், கிராங்க் புலி (பெல்ட் ஓடுகிற உருளை) எல்லாம் கழற்ற வேண்டும். கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான். அவ்வளவையும் கழற்றிவிட்டு, காசைப் பார்த்துப் பெல்ட்டை மட்டும் மாற்றி மூடுவது மிகவும் தப்பு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலும் சரி, ஒரு தடையும் இல்லாமல் சர்ரென்று சுற்றிக்கொண்டே போனாலும் சரி, உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. அது இறுகி நின்றால் புதுப் பெல்ட் நிமிடக் கணக்கில் எரிந்து அறும். என் வழக்கம், பெல்ட்டோடு டென்ஷனரும், பெல்ட்டுக்கு வழி காட்டுகிற ஐட்லர் உருளையும் கட்டாயம் மாற்றுவது. ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் என்றால் ஸ்பிரிங்கும் புதுசு.

அடுத்து, ஒயில் வெளியே கசியாமல் தடுக்கிற ஒயில் சீல். கிராங்க் சீல், கேம் சீல் இரண்டிலும் ஈரம் தெரிந்தாலே மாற்றுங்கள். ஒயில் பட்ட ரப்பர் ஊறி, மெத்தென்று ஆகி, பல் கழன்றுவிடும். சில எஞ்சின்களில் வோட்டர் பம்பையும் இந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது. அப்படியானால் பம்பையும் அதே நேரத்தில் மாற்றுவதுதான் புத்தி. 4டி56 எஞ்சினில் உள்ளே இரண்டு பெல்ட் உண்டு. சின்னது எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி எஞ்சினையே உடைத்த கதைகளை எந்தக் கராஜில் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சாமான் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் ஹட்டன் டவுனில் வாங்கினாலும் பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பல்லை எண்ணுங்கள், அகலத்தை வைத்துப் பாருங்கள், பல்லின் வடிவத்தையும் பாருங்கள். நல்ல பெயர் உள்ள கம்பனிப் பெல்ட்டுக்கும் போலிக்கும் விலையில் இருக்கிற வித்தியாசம், ஹெட் வேலைக்கு ஆகிற செலவில் ஒரு மூலைக்கும் வராது. கடையில் பெல்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தால் அந்தப் பெல்ட் வேண்டாம். இறுக்கி மடித்தால் உள் நார் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பாஸைச் சந்தேகப்படுவதற்காக இல்லை. நல்ல பாஸ் தன் வேலையைக் காட்டச் சந்தோஷப்படுவார். பார்க்க வேண்டியது இதுதான். கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் குறிகளும் சேர்ந்த பிறகே பெல்ட் ஏற வேண்டும். பழைய பெல்ட்டில் வைட்னரால் கோடு போட்டு அதைப் பார்த்துப் புதுசை ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழையது ஒரு பல் குதித்திருந்தால் அதே பிழை புதுசுக்கும் வரும். ஸ்பிரிங் டென்ஷனரைக் கம்பி வைத்து நெம்பி இறுக்கக் கூடாது. போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே தேவையான இறுக்கத்தைக் கொடுக்கும், அப்புறம் போல்ட்டை இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஸ்டார்ட் அடிக்கும் முன்பு, கிராங்க் போல்ட்டில் பார் வைத்து எஞ்சினை அதன் வழமையான திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது இறுகினால் நிறுத்த வேண்டும், பலம் போடக் கூடாது. ஐந்து நிமிட வேலைதான். அவசரத்தில் எல்லோரும் விடுவதும் இதைத்தான்.

மூடும்போது கவரின் எல்லா போல்ட்டும் ஏற வேண்டும். தோட்டத்து ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது உயிர். அடிக் கவர் இல்லாமல் ஓடினால் ஒரு பட்டாணியளவு கல் பெல்ட்டுக்கும் புலிக்கும் நடுவில் போனாலே போதும், பெல்ட் குதிக்கும். சேவிஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் அடித்துக் கழுவும்போதும் கவர் சரியாக இல்லாவிட்டால் நேரே பெல்ட்டில்தான் படும்.

ஓட்டுகிறவர் கையில் இருப்பது

நுவரெலியாக் குளிரில் காலையில் பெட்டரி இழுக்காது. என்ன செய்கிறோம்? பள்ளத்தில் உருட்டி, கிளட்ச்சைப் பட்டென்று விட்டு ஸ்டார்ட் எடுக்கிறோம். நின்றுகொண்டிருந்த எஞ்சினைச் சில்லிலிருந்து வருகிற அந்த ஒரே வெட்டு சுழற்றுகிறது. வயதான பெல்ட்டுக்கு அது பெரிய அடி. நல்ல பெட்டரியும் வேலை செய்கிற ஹீட்டர் பிளக்கும் வைத்திருப்பதுதான் வழி.

மேட்டில் நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் மட்டும் விட்டால், வண்டி பின்னால் இழுக்கும்போது எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். தளர்ந்த பெல்ட் என்றால் பல் குதிக்கலாம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சில்லுக்குக் கல் அடை கொடுத்து, அதற்கு மேல் கியரில் விடுங்கள்.

இறக்கத்தில் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். கிளட்ச்சை மிதிக்காதீர்கள், கியரைக் கழற்றாதீர்கள். கியரில் இருக்கும்வரை சில்லுகள் கிராங்க்கைச் சுற்றிக்கொண்டிருக்கும். பவர் ஸ்டியரிங்கும், பழைய டீசல் வேன்களில் ஒல்டனேட்டரோடு இருந்து பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்பும் கிராங்க்கிலிருந்து ஃபேன் பெல்ட் வழியாகத்தான் ஓடுகின்றன. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக் சில மிதிகளுக்குத்தான் லேசாக இருக்கும், பிறகு கல் மாதிரி ஆகும். ஆகவே பம்ப் பண்ணாமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மண்மேட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வண்டி முழுதாக நிற்கும்வரை அதைத் தொட வேண்டாம். வால்வு ஏற்கெனவே போயிருக்கும். அதைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள்.

நின்ற பிறகு மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடிக்கவும் கூடாது. ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, சும்மா சுற்றுகிற மாதிரிச் சத்தம் வந்தால் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். அங்கிருந்து கட்டி இழுத்துத்தான் போக வேண்டும், கியரை நியூட்ரலில் விட்டு.

மாற்றுகிற வேலையை நுவரெலியாவின் ஏப்ரல் சீசனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சீசனில் வாகன நெரிசலில் முதல் கியரிலேயே மணிக்கணக்கில் ஊர வேண்டும், கராஜிலும் இடம் கிடைக்காது. பள்ளிக்கூட வேன் என்றால் டிசம்பர் விடுமுறை வசதி. முடிந்ததும் ஒரு ஸ்டிக்கரில் நீங்களே எழுதி, கதவின் உள் ஓரத்தில் ஒட்டுங்கள்: மாற்றிய திகதி, மீட்டர் கிலோமீட்டர், பெல்ட்டின் கம்பனி, டென்ஷனரும் சீலும் மாற்றினீர்களா என்பது. வருஷத்தை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.