ரம்மி புதுசா ஆடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சொந்தத்துல ஒரு கல்யாணம், முந்தின நாள் ராத்திரி மண்டபத்து மாடியில ஜமக்காளத்த விரிச்சு பசங்க 101 பூல் ரம்மி (101 பாயிண்ட் சேந்தா அவுட்டு) போட்டாங்க, ஓரமா உக்காந்து பாத்தா 15 வருஷம் முன்னாடி நான் அடிச்ச அதே கூத்து. கைய காட்டாத, ஒரிஜினல் (ஜோக்கர் சேக்காம ஒரே சின்னத்துல வரிசையா வர்ற சீட்டு) இல்லாம ஷோ வைக்காத (ஆட்டம் முடிஞ்சுதுன்னு கைய இறக்காத), இதெல்லாம் யாரும் சொல்லுவாங்க, விடுங்க.

ஸ்கூட் விட மனசு வராதது

இதான் இன்னும் வயித்தெரிச்சல். கை மோசமா, முதல் சீட்டு எடுக்குறதுக்கு முன்னாடியே ஸ்கூட் விட்டா, அதாவது அந்த ஆட்டத்த விட்டு விலகிட்டா, 20 பாயிண்ட்தான். நடுவுல விட்டா 40. விடாம இருந்து ஃபுல்லு வாங்கினா 80, அதாவது நாலு ஸ்கூட்டு ஒரே ஆட்டத்துல காலி. அஞ்சு தடவ ஸ்கூட் விட்டாக்கூட 100தான், இன்னும் உள்ளதான் இருப்பீங்க. ஆனா ரெண்டு ஜோக்கர் வந்துட்டா போதும், நம்மாளுக்கு கண்ணு தெரியாது.

எனக்கும் அப்படித்தான். ரெண்டு ஜோக்கர், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, ஆர்ட்டின்ல (ஹார்ட்ஸ்) அஞ்சும் ஏழும், மிச்சமும் ஜாக்கி பத்துன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. ஒரிஜினலுக்கு ஜோக்கர் ஆகாது, ஆர்ட்டின் ஆறு வந்தே ஆகணும். நாங்க ஆறு பேரு, ரெண்டு கட்டு, அப்ப அந்த ஆறு மொத்தமே ரெண்டு சீட்டு. அஞ்சு ஆறுன்னு இருந்திருந்தா நாலு வந்தாலும் சரி ஏழு வந்தாலும் சரி, நாலு சீட்டுக்கு வாய்ப்பு. ஒரு ஆறு ஆரம்பத்துலயே எதிர்ல இருந்தவர் போட்டு மேல வேற சீட்டு விழுந்து மூடிடுச்சு, நான் கவனிக்கவே இல்ல, இன்னொண்ணு சித்தப்பா கையில நாலு அஞ்சு ஆறுன்னு ஜம்முனு ஒரிஜினலா உக்காந்திருக்கு. அவரு ஷோ வெச்சாரு, எனக்கு ஒரிஜினல் இல்லாததால ஜோக்கர் தவிர எல்லாத்தையும் எண்ணி முழுசா 80. "ஏன்டா, ஜோக்கர ஊறுகா போடவா வெச்சிருந்த?"ன்னாரு.

அன்னைக்கு மாடியில ஒரு பையன் கையும் அதே லட்சணம். விட்டுடுடான்னேன். "மாமா, ரெண்டு ஜோக்கர் மாமா!" எண்பது.

ராஜா ராணிய கட்டிப்புடிச்சுக்கிறது

ஒண்ணொண்ணும் பத்து பாயிண்ட். ரெண்டு ரவுண்டுல சேரலன்னா தூக்கிப் போடு.

கீழ போறத பாக்காதது

ஃபோன உள்ள வைங்க.

ஜோக்கரையே கீழ போடுறது

சிரிக்காதீங்க, ஜோக்கரா வெட்டின சீட்டு எதுன்னு மறந்து அன்னைக்கு ஒருத்தன் போட்டான்.