ஒரே காட்சியை மூன்று முறை எழுதிப் பார்ப்பது எப்படி?

கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய கதைகளில் எல்லோரும் ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். திரைக்கதை எழுத உட்கார்ந்தால் எல்லோரும் ஓயாமல் பேசினார்கள். இரண்டும் ஒரே வியாதிதான் என்று புரிய வெகு நாளானது. எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டதால் படிப்பவருக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. அதற்குக் கைகொடுத்த பயிற்சி இது.

படி 1: சின்னக் காட்சி ஒன்றை எடுங்கள்

இரண்டு பேர், ஒரு அறை, போதும். ஒருவருக்கு ஏதோ வேண்டும். மற்றவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. இரண்டு பக்கத்தைத் தாண்டாதீர்கள். கொலையும் விபத்தும் இப்போதைக்கு வேண்டாம்.

நான் எடுத்தது: நாளை வெளியூர் போகும் தம்பிக்கு அக்கா பெட்டி அடுக்குகிறாள். முந்தின நாள் இருவருக்கும் சண்டை. அவன் மன்னிப்புக் கேட்பான் என்று அவள் காத்திருக்கிறாள். அவனுக்கு வாய் வரவில்லை.

படி 2: மனதில் வருவதைக் கொட்டுங்கள்

திருத்த வேண்டாம். எனக்கு வந்தது: “அவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் அவன் போகிறானே என்று மனது கனத்தது.” தப்பில்லை. ஆனால் இது தகவல், காட்சி இல்லை.

படி 3: கேமராவாக மாறுங்கள்

கேமராவுக்குக் கண்ணும் காதும்தான் உண்டு. ‘நினைத்தாள்’, ‘உணர்ந்தாள்’, ‘கனத்தது’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கைகளுக்கு வேலை கொடுங்கள்.

அவன் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து உதறினாள். மறுபடி மடித்தாள்.
“ஸ்வெட்டர் எங்கே?”
“வேண்டாம்.”
பெட்டியிலிருந்த புத்தகத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்வெட்டரைத் திணித்தாள்.

கோபம், பாசம் என்ற சொற்களே இல்லை. ஆனால் ‘திணித்தாள்’ என்பதில் இரண்டும் இருக்கின்றன. (அந்த ஒரு வினைச்சொல்லுக்கு அரை மணி நேரம் ஆனது.)

சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை, சூப் கிண்ணம், சவப்பெட்டி என்று வேறு வேறு ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். முகம் அதேதான், பார்த்தவர்களோ ஓரிடத்தில் பசியையும் ஓரிடத்தில் துக்கத்தையும் கண்டார்களாம். இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

படி 4: கேமராவால் முடியாததை மட்டும் சேருங்கள்

சிறுகதைக்கான படி இது. பத்து வருடத்தை ஒரே வாக்கியத்தில் பின்னோக்கித் தாண்டுவது எழுத்துக்குச் சுலபம். சினிமாவில் அதற்குப் பெரும்பாலும் ஃப்ளாஷ்பேக்கோ வசனமோ வேண்டும். நான் சேர்த்தது ஒரே வரி: “பள்ளிச் சுற்றுலாவுக்குப் போனபோதும் இப்படித்தான் வேண்டாம் என்றான், காய்ச்சலோடு வந்தான்.” இப்படி மூன்று வரி சேர்த்தால் மறுபடி படி 2-இல் நிற்பீர்கள்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிவிடலாம். இந்த இடத்தில் வாய்ஸ் ஓவர் (பின்னணிக் குரல்) போட ஆசை வரும். போடாதீர்கள்.

படி 5: யாருக்கு என்ன தெரியும்?

மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில விநாடி அதிர்ச்சிதான். முன்பே தெரிந்தால் மேஜையில் நடக்கும் வெட்டிப் பேச்சுகூடப் பதைபதைப்பு என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்குவார். குண்டு இல்லாத காட்சிக்கும் இது பொருந்துமா என்று பார்க்க, தொடக்கத்தில் மூன்று வரி வைத்தேன்: தம்பி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறான், கொடுக்கத் தைரியமில்லை, காலடிச் சத்தம் கேட்டதும் பெட்டியிலிருக்கும் புத்தகத்துக்குள் செருகிவிடுகிறான்.

அதற்குப் பிறகு வருவதில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நண்பனிடம் படித்துக் காட்டினேன். அவள் புத்தகத்தை வெளியே எடுத்து வைக்கிற வரி வந்ததும் என்னை நிறுத்திவிட்டு, “கடிதம் கீழே விழுந்ததா இல்லையா, அதை முதலில் சொல்லு” என்றான்.