கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: வெள்ளித்தாள் போர்வை

ஊருக்குப் போனால் ஏதாவதொரு பத்திரத்துக்கு அம்மாவே நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று கொழும்பில் ஒரு கந்தோர் நிற்கும். நமக்கு மூன்று கிழமைதான் லீவு. அதற்காக எண்பது வயது மனுசியை யாழ்ப்பாணத்தில் இரவு ஏசி பஸ்ஸில் ஏற்றுகிறோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டம், தலைக்கு நேரே குளிர்காற்று. வெளியே புழுக்கமென்பதால் கம்பளி யாரும் எடுப்பதில்லை.

"எனக்குக் குளிரேல்லைப் பிள்ளை" என்பார். நம்பவேண்டாம். வயது போனவர்களுக்கு நடுக்கம் எடுப்பதே குறைவு; தைரொயிட் குறைபாடு இருந்தால் உடம்பு சூட்டையும் குறைவாகவே உண்டாக்கும்.

இதற்குத்தான் வெள்ளித்தாள் போர்வை, மரதன் ஓடி முடித்தவர்களுக்குப் போர்த்திவிடும் மினுங்கும் தாள். மெல்லிய பொலியெஸ்டர் தாளில் அலுமினியம் படியவைத்தது. 1964 இல் நாசா உருவாக்கியது. தடிப்பு 12 மைக்ரோன் அளவு, நிறை 60 கிராம் அளவு. 160 க்கு 210 சென்ரிமீற்றர் அளவை வாங்குங்கள், 130 அகலம் கால்மாட்டில் பற்றாது. அது சூடு தராது. உடம்பு வீசும் வெப்பத்தைத் திருப்பிவிடும், காற்றை மறிக்கும், அவ்வளவுதான். தோலில் நேரே ஒட்டினால் உள்ளே வியர்த்து, ஈரம் இன்னும் குளிரும்.

ஆகவே முதலில் வியர்த்த சட்டையை மாற்றுங்கள். காலுறை, கம்பளித் தொப்பி போடுங்கள். சால்வையால் சுற்றி, அதன்மேல் தாள், வெள்ளிப்பக்கம் உள்ளே. மற்றப்பக்கம் பொன்னிறமோ வெள்ளியோ, பெரிய வித்தியாசமில்லை. தாளின்மேல் ஒரு பருத்திப் போர்வை போட்டால் சரசரப்பும் அடங்கும், தாளும் நழுவாது. ஆசனப்பட்டி எல்லாவற்றுக்கும் உள்ளே, உடம்போடு இருக்கவேண்டும். முகத்தை மூடக்கூடாது. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழுத்தடியில் திறந்து ஈரத்தை வெளியே விடுங்கள். பஸ் நிறுத்தினால் தாளைக் கழற்றிவிட்டே இறக்குங்கள். காலில் சிக்கினால் படியில் விழுத்திவிடும். சாமத்தில் இறங்கப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணி குடிக்காமல் இருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

பேச்சுக் குழறினால், ஆள் மந்தமானால், நடுக்கம் நின்று தூங்கி விழுந்தால் குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று எடுங்கள். நீரிழிவுக் குளிசை எடுப்பவரென்றால் உடனே சீனியும் பாருங்கள், சீனி இறங்கினாலும் இதே குணங்கள்தான். கைகாலைத் தேய்க்கவேண்டாம். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றாமல் வைக்கவேண்டாம், உணர்ச்சி குறைந்த காலில் கொப்பளித்த பிறகுதான் தெரியும். பேச்சுத் தெளியாவிட்டால் பஸ்ஸை நிறுத்தச்சொல்லி 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

தாளை வீட்டிலேயே ஒருக்கால் விரித்துப் பாருங்கள். இருட்டில் முதன்முதல் பிரித்தால் கிழியும்; ஒரு சிறு கீறல் கடைசிவரை ஓடும். செலோரேப் துண்டு ஒட்டினால் நிற்கும். நெருப்பு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நுவரெலியாவுக்கோ, 2243 மீற்றர் சிவனொளிபாதமலைக்கோ போனாலும் இதே முறைதான், உச்சியில் ஈரச்சட்டை மாற்றுவதுதான் முதல் வேலை.

பஸ் விடியப்புறமே கொண்டுபோய் இறக்கிவிடும், கந்தோர் திறக்க மணித்தியாலங்கள் கிடக்கும். சீமெந்து வாங்கில் இருக்கும்போது தாள் கீழிருந்து ஏறும் குளிரை மறிக்காது. மடித்த சாரமோ நாலைந்து பேப்பரோ போட்டு இருத்துங்கள். அலுமினியம் உரிந்த தாளைத் திரும்பப் பாவிக்கவேண்டாம், திரும்பி வரும் இரவுக்குப் புதிதாக இன்னொன்று பையில் இருக்கட்டும்.