சொல்லின் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கிளிநொச்சிப் பிள்ளைகள் சொல்லாராய்ச்சிக் கட்டுரை கொண்டுவந்தால் முதலில் 'அரிசி' பற்றிய பந்தியைத்தான் தேடுவேன். பிறமொழிகளில் அரிசிக்கு உள்ள சொற்களெல்லாம் தமிழ் 'அரிசி'யிலிருந்தே போயின என்று எங்கள் தலைமுறை விட்ட பிழை அப்படியே அங்கே இருக்கும். எழுத்துப்பிழையை யாரும் திருத்திவிடுவார்கள், அதை விடுவோம்.

ஒலி ஒத்தால் போதும் என்று நினைப்பது

இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் அரிசி மேல் பற்று இருக்கத்தான் செய்யும். ஆனால் பற்று சான்றாகாது. ஸ்பானிய மொழியில் அரிசிக்கு 'அரோஸ்', ஆகவே அது தமிழ் என்று ஊர் மலர் ஒன்றில் அச்சேறியது. அடுத்த ஆண்டு பிள்ளைகள் அந்த மலரையே ஆதாரம் காட்டினார்கள். நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. 'அரோஸ்' அரபு 'அர்ருஸ்' என்பதிலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் 'அர்', ஆங்கில 'the' போல அரபியில் பெயரோடு ஒட்டும் 'அல்'தான்; ரகரத்துக்கு முன் 'அர்' என்று ஒலிக்கும். அதைக் கழற்றினால் மிஞ்சுவது 'ருஸ்'. பிறகு எங்கே அரிசியின் 'அ'?

ஆங்கில 'ரைஸ்' பிரெஞ்சு, லத்தீன் வழியாகக் கிரேக்க 'ஒரூசா'வுக்குப் போகிறது. அலெக்சாந்தர் படை சிந்துநதிப் பக்கம் வந்துபோன பிறகு, கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் நெற்பயிரை விவரிக்கிறார். அந்த வடமேற்கு வழியில் ஈரானிய மொழிகள் வழங்கின. அவற்றில் ஒன்றான, ஆப்கானிஸ்தானில் பேசும் பஷ்தோவில் அரிசி 'வ்ரிஜே', சமஸ்கிருதத்தில் நெல் 'வ்ரீஹி'. அதனால் ஈரானிய மூலத்தைச் சொல்வோர் பலர். தமிழ் மூலம் என்ற கருத்தும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. சரி, கருத்து என்றே எழுதுங்கள், முடிந்த முடிபாக எழுதாதீர்கள்.

பெருமைப்பட இஞ்சி இருக்கிறதே! பாளியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. பாளி வடிவத்தின் கடைசியில் 'வேர்' அப்படியே தெரிகிறது. ஒவ்வொரு படிக்கும் ஏட்டுச் சான்று உண்டு.

சிங்களத்திலும் இருந்தால் அங்கிருந்து வந்தது என்பது

சப்பாத்து, பாண், மேசை மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். சிங்களத்திலும் அவை உண்டு. மலாய்க்காரர் 'செபாத்து' என்கிறார்கள், ஜப்பானியர் 'பான்' சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் கொடுத்தது போர்த்துக்கேயம்தான், சிங்களம் அல்ல.

வேர் ஒன்றானால் பொருளும் ஒன்று என்பது

தமிழ் 'வாவி', சிங்கள 'வெவ' இரண்டுக்கும் சமஸ்கிருத 'வாபி'யே மூலம். ஆனால் வெவ என்றால் வயலுக்கு நீர் பாய்ச்சும் குளம். மட்டக்களப்பு வாவியோ கடலோடு சேரும் களப்பு.

அகராதி பார்க்காமல் எழுதுவது

வேண்டாம். மொழியியலாளர்கள் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.